இளசா, பச்சை வாடையா? இளம் ஐரிஷ் சிங்கிள் மால்ட்டைச் சுவைத்து எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரிஷ் சிங்கிள் மால்ட் என்பது அயர்லாந்தில் முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரே டிஸ்டில்லரியில், அதாவது ஒரே வடிப்பாலையில், எடுக்கும் விஸ்கி. பீப்பாயில் மூன்று நான்கு ஆண்டே கிடந்த அதை முதல் தடவை குடித்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்: "பச்சையா இருக்கு." பாட்டிலை மூடி அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு, பத்து வருடம், பன்னிரண்டு வருடம் என்று லேபிளில் எண் போட்ட பாட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. வெண்டைக்காயின் நுனி பட்டென்று ஒடிந்தால் இளசு என்று ஆசையாக அள்ளிக்கொள்கிறோம். அதே வெண்டைக்காய்க் குழம்பை மசாலா கொதித்து அடங்கும் முன்பே இறக்கினால், பச்சை வாடை அடிக்கிறது என்று ஒதுக்குகிறோம். முதலாவது காயின் குணம், இரண்டாவது சமைத்தவரின் அவசரம். இளம் விஸ்கியிலும் இவை இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. கிளாஸில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல வந்துவிட்டால், விலைகொடுத்து வாங்கியதைப் பற்றி நாமே முடிவெடுக்கலாம்.

இத்தனை இளம் பாட்டில்கள் எங்கிருந்து வந்தன

1980களின் தொடக்கத்தில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் விஸ்கி வடித்துக்கொண்டிருந்தவை இரண்டே டிஸ்டில்லரிகள்: தெற்கே கார்க் கவுண்டியில் மிடில்டன், வடக்கே ஆன்ட்ரிம் கவுண்டியில் புஷ்மில்ஸ். 1987இல் ஜான் டீலிங் லவுத் கவுண்டியில் கூலி டிஸ்டில்லரியைத் தொடங்கினார். அப்புறம் நீண்ட இடைவெளி. 2012இல் டிங்கிள், 2015இல் டப்ளின் நகருக்குள் டீலிங், அதே ஆண்டு டிசம்பரில் வாட்டர்ஃபோர்ட் என்று வரிசையாகப் புது அடுப்புகள் எரிய ஆரம்பித்தன. புதிய டிஸ்டில்லரியிடம் பழைய சரக்கு இருக்க வழியில்லை. சட்டப்படி ஐரிஷ் விஸ்கி தீவுக்குள்ளேயே மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டு முடிந்த கொஞ்ச காலத்திலேயே பலரும் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். முதலீட்டுப் பணம் திரும்ப வர வேண்டிய கட்டாயமும் அதில் உண்டு, தாங்கள் வடித்ததைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

இந்த வழிகாட்டி முழுக்க நான் உதாரணமாக எடுத்துக்கொள்வது வாட்டர்ஃபோர்டை. ஸ்காட்லாந்தின் புரூக்லாடி டிஸ்டில்லரியை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான மார்க் ரேனியர், வாட்டர்ஃபோர்ட் நகரில் இருந்த கின்னஸ் பீர் ஆலையை 2014இல் வாங்கி டிஸ்டில்லரியாக மாற்றினார். ஒவ்வொரு பண்ணையின் பார்லியையும் தனியே சேமித்து, தனியே முளைகட்ட வைத்து, தனியே வடித்து, தனியே பீப்பாயில் ஏற்றினார்கள். 2020இல் வெளிவந்த பேலிகில்கவன், பேனோ ஐலண்ட் ஆகிய முதல் பாட்டில்களுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை, ஆல்கஹால் 50 சதவீதம். மண்ணும் தானியமும் சுவையில் தெரிய வேண்டும் என்பதே நோக்கம் என்பதால், இளமையை ஒளித்துவைக்க அவர்கள் முயலவில்லை. 2024 நவம்பரில் நிறுவனம் கடன் சுமையால், கடன் கொடுத்தவர்களுக்காகச் சொத்தைக் கையிலெடுக்கும் ரிசீவர் வசம் போனது. எனக்கு அது சொந்த இழப்பு மாதிரியே இருந்தது. ஆனாலும் இளம் மால்ட்டைப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

முதலில் லேபிளைப் படியுங்கள்

மூடியைத் திருகும் முன்பு ஐந்து நிமிடம் லேபிளோடு உட்காருங்கள்.

'சிங்கிள் மால்ட்' என்று இருந்தால் முழுக்க முளைகட்டிய பார்லி, ஒரே டிஸ்டில்லரி, செப்புப் பானையில் வடித்தது. 'சிங்கிள் பாட் ஸ்டில்' என்று இருந்தால் அது வேறு வகை. அதில் முளைகட்டாத பார்லியும் குறைந்தது 30 சதவீதம் கலந்திருக்கும். மால்ட்டுக்கு வரி போட்ட காலத்தில் அயர்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. அந்த முளைகட்டாத பார்லி ஒருவித மிளகுக் காரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தரும். அதை வைத்துக்கொண்டு சிங்கிள் மால்ட்டை அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

அடுத்து, யார் வடித்தது என்று பாருங்கள். தொடங்கி நான்கு ஆண்டே ஆன டிஸ்டில்லரியின் பெயரில் 12 வயது விஸ்கி வந்தால், அது வேறொரு இடத்தில் வடித்து வாங்கியது என்று பொருள். அதில் ஏமாற்று ஏதும் இல்லை, அயர்லாந்தில் சகஜம்தான். ஆனால் புது டிஸ்டில்லரியின் கைப்பக்குவத்தை அந்தப் பாட்டில் உங்களுக்குச் சொல்லாது. வயது எழுதியிருந்தால் அது உள்ளே இருப்பதில் மிக இளைய பீப்பாயின் வயது. எழுதாவிட்டால் மூன்றுக்கு மேல் என்பது மட்டும் உறுதி. வாட்டர்ஃபோர்ட் பாட்டிலின் பின்பக்கம் ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதைக் கொண்டு பண்ணையின் வரைபடம், அறுவடை, வடித்த காலம், எந்தெந்தப் பீப்பாய் என்பதுவரை தெரிந்துகொள்ளும்படி செய்திருந்தார்கள்.

ஆல்கஹால் அளவையும் பாருங்கள். 46 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் குளிர வைத்து வடிகட்டியிருப்பார்கள். இல்லையென்றால் குளிரில் விஸ்கி கலங்கலாகத் தெரியும். அந்தக் கலங்கலைத் தருகிற கொழுப்பு சார்ந்த பொருட்கள்தான் இளம் மால்ட்டுக்கு வாயில் கனத்தையும் தருகின்றன. அதனால் முதல் பாடத்துக்கு 46 அல்லது அதற்கு மேல் இருப்பதை எடுங்கள்.

மேசை, கிளாஸ், நேரம்

அடி பருத்து வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். 2001இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகல வாய் டம்ளர் வேண்டாம், வாசனை தங்காது. கிளாஸை வெந்நீரில் மட்டும் கழுவிக் காற்றில் உலர விடுங்கள். ஒரு தடவை பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிய கிளாஸில் ஊற்றி, நல்ல விஸ்கி ஒன்றைப் பற்றி 'சோப்பு வாடை, வடிப்பில் கோளாறு' என்று குறிப்பேட்டில் எழுதினேன். மறுநாள் காலி கிளாஸை மோந்து பார்த்தபோதுதான் எலுமிச்சை சோப்பு என்று தெரிந்தது. அந்தக் குறிப்பை அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஊற்றும் முன்பு காலி கிளாஸை மோந்து பார்ப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு முந்தைய நேரம் நல்லது. காலை பதினொரு மணிதான் மூக்குக்கு உகந்தது என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். வீட்டில் அது நடக்காது என்றால் மாலையில், தாளிக்கிற வாசனை வரும் முன்பு உட்காருங்கள். அறையில் ஊதுபத்தி வேண்டாம். சென்னை மே மாதம் மாதிரி வெக்கையில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மூக்கில் குத்தும். இளம் விஸ்கிக்கு அது பெரிய அநியாயம். விசிறியை நிறுத்தி, அறையைக் கொஞ்சம் குளிர வைத்து, 20 முதல் 22 டிகிரிக்குள் கொண்டுவந்தால் நல்லது. கிளாஸில் ஐஸ் போடாதீர்கள். குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும்.

ஒரு தடவைக்கு 20 மில்லி போதும். பக்கத்தில் சாதாரண அறை வெப்பத்தில் குடிதண்ணீர், ஒரு துண்டு வெறும் ரொட்டி, குறிப்பேடு. துப்புவதற்கு ஒரு கப்பும் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பாட்டில் பார்க்கிற நாளில் துப்பாமல் கடைசிவரை நிதானம் இருக்காது.

அப்புறம், ஒப்பிட ஒரு பாட்டில். நான் பரிந்துரைப்பது புஷ்மில்ஸ் 10 வயது. அதுவும் ஐரிஷ் சிங்கிள் மால்ட்தான். மூன்று முறை வடித்தது, 40 சதவீதம். வாட்டர்ஃபோர்ட் இரண்டு முறை வடித்தது, 50 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வயது என்ன செய்கிறது, வடிக்கும் முறை என்ன செய்கிறது என்று நாக்கே சொல்லிவிடும்.

நிறத்துக்கு அரை நிமிடம்

அதற்கு மேல் வேண்டாம். ஐரிஷ் விஸ்கியில் நிறத்துக்காக கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சேர்க்காவிட்டாலும், இதுவரை எதுவும் ஊற்றாத புது ஓக் பீப்பாய் இரண்டே வருடத்தில் நல்ல செம்பு நிறத்தை ஏற்றிவிடும். ஆக, அடர் நிறத்தை வைத்து வயதைக் கணிக்க முடியாது. கிளாஸைச் சுழற்றினால் உள்சுவரில் வழியும் கோடுகள் ஆல்கஹால் அளவையும் ஓரளவு கனத்தையும் காட்டும், தரத்தைக் காட்டாது.

மூக்கு: முக்கால்வாசி வேலை இங்கேதான்

ஊற்றிய உடனே மோக்காதீர்கள். இளம் விஸ்கியின் மேல் முதலில் எழும்புவது வெறும் ஆல்கஹால் ஆவி. பதினைந்து நிமிடமாவது விடுங்கள். அப்புறம் கிளாஸைத் தாடைக்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, மெதுவாக மூக்கு வரை உயர்த்துங்கள். வாய் திறந்திருந்தால் குத்தல் குறையும். ஆழமாக இழுக்க வேண்டாம். பூவை மோப்பதுபோலச் சின்னச் சின்னதாக மூன்று தடவை. பிறகு கிளாஸைக் கீழே வைத்து உங்கள் முழங்கையை மோந்து பாருங்கள். சொந்தத் தோலின் வாசனை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வருகிற கூஸ்பெரி, ஹேஸல்நட் என்று தேடித் திணற வேண்டாம். நமக்குத் தெரிந்த வாசனைகளே தாராளமாகப் போதும். அவை எந்த இடத்திலிருந்து வருகின்றன என்று பிரிப்பதுதான் முக்கியம். ஒரு இளம் மால்ட்டின் வாசனை நான்கு இடங்களிலிருந்து வருகிறது.

ஒன்று, தானியம். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் வரும் மணம்தான் மால்ட்டின் மணம். அதுவும் முளைகட்டிய பார்லியிலிருந்து வருவதுதான். சத்துமாவு, வறுத்த பொட்டுக்கடலை, மாரி பிஸ்கட், வைக்கோல், மழைக்குப் பிந்தைய வயல். வயதான விஸ்கியில் மரம் இதையெல்லாம் போர்த்திவிடும். இளம் மால்ட்டில் மட்டும்தான் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைக்கும். இது இளசு. குறையாகக் கணக்கெடுக்கக் கூடாது.

இரண்டாவது, நொதிப்பு. ஈஸ்ட் வேலைசெய்யும்போது உருவாகும் எஸ்டர்கள்தான் பழ வாசனையைத் தருகின்றன. நன்றாகப் பழுத்த பூவன் பழத்தின் மணம், பேரிக்காய், பச்சை ஆப்பிள். சில டிஸ்டில்லரிகள் இரண்டு இரண்டரை நாளில் நொதிப்பை முடித்துவிடும். நான்கைந்து நாள் விடுபவர்களும் உண்டு. வாட்டர்ஃபோர்ட் நீளமாக விட்ட பக்கம். நேரம் கூடக்கூட லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்யும். நல்ல பதத்தில் பொங்கிய இட்லி மாவைத் திறக்கும்போது வரும் லேசான இனிப்புப் புளிப்பு அங்கே கிடைக்கும். அதே வாசனை தூக்கலாகி, வாழைப்பழம் நகப்பூச்சாக மாறினால் சந்தேகப்படத் தொடங்குங்கள்.

மூன்றாவது, வடிப்பு. பச்சை வாடை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. பானையிலிருந்து முதலில் வடிவது தலை, நடுவில் இதயம், கடைசியில் வால். நடுப்பகுதியை மட்டும் எடுப்பதில்தான் வடிப்பவரின் திறமை இருக்கிறது. தலைப்பகுதி அதிகமாகக் கலந்தால் நகப்பூச்சு, பெயின்ட் தின்னர். வால் அதிகம் கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டி, ஈரத்துணி, வியர்த்த செருப்புத் தோல். செம்பு சரியாக வேலை செய்யாவிட்டால் வேகவைத்த முட்டைக்கோஸ், உரசிய தீக்குச்சி. கந்தக வாடைகள் பீப்பாயில் நாளாக நாளாகக் குறையும். அவை இன்னும் தெரிகிறது என்றால் அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். வால் வாடையில் மட்டும் கவனம் வேண்டும். துளி அளவு இருந்தால் அது கனமும் ஆழமும் தரும், தோல் பையின் மணம் மாதிரி. அளவு மீறும்போதுதான் மூக்கு சுளிக்கிறது. மூன்று முறை வடிக்கும் ஐரிஷ் மால்ட்டுகளில் இந்தப் பகுதி மெலிந்திருக்கும். இரண்டு முறை வடிப்பவற்றில் கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

நான்காவது, மரம். ஓக்கில் இருக்கும் லிக்னின் உடைந்து வெனிலா வாசனை வருகிறது. லாக்டோன் என்ற பொருள் கொப்பரைத் தேங்காய் மணத்தைத் தருகிறது. உள்பக்கம் கருக்கிய பீப்பாய் வெல்லப்பாகும் கேரமலும் தரும். மூன்று நான்கு வருடத்தில் இவை வந்துவிடும். வராதது ஒருங்கிணைப்பு. கொப்பரை ஒரு பக்கம், தானியம் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் ஒட்டவில்லை என்று எழுதுங்கள்.

ஒரு மாலை ஒரே பண்ணையின் வாட்டர்ஃபோர்ட் பாட்டிலோடு உட்கார்ந்தபோது எழுதியதை அப்படியே தருகிறேன். ஊற்றிய மூன்றாம் நிமிடம்: குத்தல், குளிர்ந்த இரும்பு, வேறொன்றும் இல்லை. பத்தாவது நிமிடம்: சத்துமாவு டப்பா மூடியைத் திறந்தது போல. இருபதாவது நிமிடம்: ஈரமண், பொட்டுக்கடலை, பின்னால் பேரிக்காய். நாற்பதாவது நிமிடம்: தேன் தடவிய பிஸ்கட், எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசனை. மூன்றாம் நிமிடத்திலேயே எழுந்து போயிருந்தால் 'பச்சையா இருக்கு' என்று நானும் சொல்லியிருப்பேன்.

வாய்: ஆறு சுவைகளை வரிசையாகக் கேளுங்கள்

முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். தேக்கரண்டியில் பாதி எடுத்து வாய் முழுக்கப் பரப்பி விழுங்குங்கள், அல்லது துப்புங்கள். அதை வைத்து எதையும் எழுதாதீர்கள். இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது வாய். இதைப் பத்துப் பதினைந்து விநாடி வைத்திருங்கள்.

முதலில் கனம். தண்ணீர்போல ஓடுகிறதா, நல்லெண்ணெய்போலப் பரவுகிறதா? நல்ல இளம் மால்ட்டுக்குப் பெரும்பாலும் எண்ணெய்த் தன்மை இருக்கும். ஆல்கஹால் 50 சதவீதம் இருந்தும் வாயில் தண்ணீராக ஓடினால், வடித்த சரக்கிலேயே சத்து குறைவு என்று பொருள். வயது கூடினாலும் அது சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் சுவைகள். இங்கே தமிழில் யோசிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவையில் துவர்ப்பு நமக்குத் தனிச் சுவை. பீப்பாய் மரத்தின் டானின் தருவது அதேதான். கொட்டைப்பாக்கைக் கடித்ததும் ஈறு இறுகுவதை நினைத்துக்கொண்டு நாக்கின் ஓரத்தைக் கவனியுங்கள். மூன்று வயது விஸ்கியில் துவர்ப்பு தூக்கலாக இருந்தால், புது ஓக் பீப்பாயை அதிகம் நம்பியிருக்கிறார்கள். இனிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள்: நாக்கில் பட்டதும் வரும் மால்ட் இனிப்பு வேறு, கடைசியில் தங்கும் மர இனிப்பு வேறு. கசப்பு வந்தால் அது எந்த மாதிரிக் கசப்பு? எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தால் நல்லது, மாத்திரையை மென்ற மாதிரி இருந்தால் குறை. உவர்ப்பு அபூர்வம். புளிப்பு லேசாக இருந்தால் பழத்துக்குத் துணை நிற்கும்.

கார்ப்புதான் பலரையும் குழப்பும் இடம். இளம் விஸ்கி எரிகிறது என்கிறார்கள். எங்கே எரிகிறது என்று கேளுங்கள். சுக்கு, மிளகு மாதிரி நாக்கின் மேலும் ஓரத்திலும் சுருசுருவென்று பரவி, அரை நிமிடத்தில் இனிப்பாக முடிந்தால் அது சுவை. தொண்டையில் கீறி, நெஞ்சில் இறங்கி, வாயில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் போனால் அது வெறும் ஆல்கஹால் எரிச்சல். இரண்டாவது ரகம் பச்சை வாடைக்குச் சொந்தக்காரன்.

இந்த இடத்தில் புஷ்மில்ஸை ஒரு வாய் எடுங்கள். மெல்லியதாக, தேனும் வெனிலாவுமாக, மூலைகள் எல்லாம் உருண்டு மழுங்கியிருக்கும். பத்து வருட மரமும் மூன்று முறை வடிப்பும் செய்த வேலை அது. திரும்ப இளம் மால்ட்டுக்கு வந்தால் தானியம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். எது உயர்த்தி என்று உடனே கேட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்று பழைய அரிசிச் சோறு, இன்னொன்று புத்தரிசிப் பொங்கல்.

தண்ணீர்: உண்மையைக் கறக்கும் சோதனை

மூத்த விஸ்கிக்குத் தண்ணீர் உங்கள் விருப்பம். இளம் விஸ்கிக்குக் கட்டாயம். முதல் 20 மில்லியைத் தண்ணீர் கலக்காமல் பார்த்துவிட்டு, அடுத்த 20 மில்லியைப் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஃபில்லர் அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச் இருந்தால் அளவு சரியாக வரும். 50 சதவீத விஸ்கி 20 மில்லியில் 2 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 45 சதவீதத்துக்கு இறங்கும். மொத்தம் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் சேர்த்தால் 40. இந்த இரண்டு நிலையிலும் நின்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்து மோந்து பாருங்கள்.

ஏன் வாசனை மாறுகிறது என்பதற்கு 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் ஒரு விளக்கம் தந்தார்கள். புகை மணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, 45 சதவீதமும் அதற்குக் கீழும் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. அவர்கள் பார்த்தது ஒரு மூலக்கூறை மட்டும். ஆனால் தண்ணீர் சேர்த்ததும் விஸ்கி 'திறக்கிறது' என்று குடிப்பவர்கள் காலங்காலமாகச் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

நமக்கு வேண்டிய பதில் இது: தண்ணீரில் அது நிற்கிறதா, சரிகிறதா? நன்றாக வடித்த இளம் மால்ட் 45இல் இன்னும் விரிவாகும். பிஸ்கட் மணம் முன்னால் வரும், பழம் தெளிவாகும். 40இலும் கனம் முழுதாகப் போகாது. லேசாகக் கலங்கினால் சந்தோஷப்படுங்கள், எண்ணெய்ச் சத்து இருக்கிறது. பச்சையாக இறக்கிய சரக்கு 45க்குக் கீழே இறங்கியதும் தன் ரகசியத்தைச் சொல்லிவிடும். மேலே பூசியிருந்த மர இனிப்பு விலகி, நனைந்த அட்டைப்பெட்டி எழுந்து வரும்.

பூச்சு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிலர் மெலிந்த இளம் சரக்கைக் கடைசி ஆறு மாதம் ஒயின் பீப்பாயிலோ ஷெரி பீப்பாயிலோ ஊற்றி நிறமும் திராட்சை இனிப்பும் ஏற்றிவிடுவார்கள். எல்லா ஒயின் பீப்பாயும் ஏமாற்று கிடையாது. வாட்டர்ஃபோர்டே அமெரிக்க ஓக், புது ஓக், பிரெஞ்சு ஓக், இனிப்பு ஒயின் பீப்பாய் நான்கையும் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தியது. வித்தியாசத்தைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். ஒயினை எடுத்துவிட்டால் கீழே பார்லி இருக்க வேண்டும். புகையும் இதேபோல மறைக்க வல்லது. கூலியின் கானமாரா மாதிரியான, பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய செடிப் படிவு) எரித்த புகை ஏறிய ஐரிஷ் மால்ட்டுகளில் இளமை சுலபமாகத் தெரியாது. அதனால் பழகும் காலத்தில் புகையில்லாதவற்றோடு தொடங்குவது நல்லது.

தீர்ப்பு எழுதும் விதம்

விழுங்கிய பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். பின்சுவை இளம் மால்ட்டில் சிறியதாக இருப்பது சகஜம், இருபது விநாடி என்றாலும் குற்றமில்லை. அது சுத்தமாக முடிகிறதா என்பதுதான் கேள்வி. வாயில் வறுத்த தானியமும் கொஞ்சம் சுக்கும் மிஞ்சினால் நல்ல முடிவு. உலோகம், சோப்பு, அட்டை மிஞ்சினால் சரியில்லை.

நூற்றுக்கு எண்பத்தைந்து, எண்பத்தெட்டு என்று மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். பன்னிரண்டு வயது விஸ்கியை மனதில் வைத்து அமைத்த அளவுகோல் அது. இளையவர் எப்போதும் தோற்பார். அதற்குப் பதிலாக மூன்று வரி எழுதுகிறேன். பார்லி தெரிந்ததா, எந்த உருவத்தில்? வடிப்பில் தலையோ வாலோ மிஞ்சியதா, தண்ணீர் விட்டதும் குறைந்ததா கூடியதா? மரம் துணையாக நிற்கிறதா, மூடி மறைக்கிறதா? கடைசியில் ஒரு கேள்வி: இதை இன்னும் ஆறு வருடம் பீப்பாயில் விட்டிருந்தால் எது கிடைத்திருக்கும், எது தொலைந்திருக்கும்? தொலைவதில் ஆசைப்படும்படி ஏதாவது இருந்தால், அந்தப் பாட்டிலுக்கு இளமையாக வெளிவர நியாயம் இருக்கிறது.

விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இளம் ஐரிஷ் மால்ட்டுகள் பல, புஷ்மில்ஸ் 10ஐ விட விலை கூடுதலாகவே இருக்கின்றன. சின்ன அளவில் வடிப்பதும், பார்லியைப் பண்ணை பண்ணையாகப் பிரித்து வைப்பதும் செலவு பிடிக்கும் வேலை. அந்தச் செலவு நாக்கில் தெரிந்தால் கொடுக்கலாம். பாட்டிலின் கண்ணாடியிலும் அட்டைப்பெட்டியிலும் மட்டும் தெரிந்தால் வேண்டாம்.

ஒரே நாளில் முடிக்காதீர்கள்

இரவு காலி கிளாஸைக் கழுவாமல் மேசையில் விட்டுவிடுங்கள். காலையில் ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும், அடியில் ஒட்டியது மட்டும் பேசும். தேன், வைக்கோல், ஹார்லிக்ஸ் இருந்தால் நேற்று எழுதியது சரி. ஈர அட்டை வந்தால் குறிப்பைத் திருத்துங்கள்.

பாட்டில் திறந்த முதல் நாள் கழுத்துப் பகுதியிலிருந்து ஊற்றுவது பல நேரம் இறுக்கமாக இருக்கும். இரண்டு பெக் குறைந்து, உள்ளே காற்று புகுந்து, இரண்டு வாரம் ஆன பிறகு மறுபடி ஊற்றுங்கள். அதற்கும் ஒரு மாதம் கழித்து மூன்றாவது தடவை. பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், வெயில் படாமல், அடுப்பங்கரைக்கு எட்டத்தில். என் குறிப்பேட்டில் அந்த ஒரே பண்ணைப் பாட்டிலுக்கு மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் தேதியில் 'கொஞ்சம் முரட்டுத்தனம், சுக்கு அதிகம்' என்று இருக்கிறது. இரண்டாவதில் 'பேரிக்காய் முன்னால் வந்துவிட்டது'. மூன்றாவது தேதியில் ஒரு டீஸ்பூன் தண்ணீரோடு குடித்துவிட்டு எழுதியது: 'களத்துமேட்டில் காயப்போட்ட நெல் வாசனை. இன்னொரு பாட்டில் வாங்கி வைக்கணும்.'